குளத்திலிருந்து தட்டுக்கு: கான்டன் அவித்த மீனின் வரலாறு

இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ், காய்ச்சிய எண்ணெய். முழு மீனை ஆவியில் அவிக்கும் கான்டன் சமையலுக்கு வேண்டிய சாமான் இவ்வளவுதான். மிளகாய் கிடையாது, புளி கிடையாது, அரைக்கவும் வறுக்கவும் எதுவும் கிடையாது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆவியில் அவிப்பது சீனர்களின் ஆதிகாலப் பழக்கம் என்பார்கள். அல்லது எளிமைதான் அந்தச் சமையலின் அழகு என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு கேள்வி தீராமல் நிற்கிறது. ஆவிப்பானை சீனா முழுவதும் இருந்தது. ஆறும் மீனும் சீனா முழுவதும் இருந்தன. அப்படியிருக்க, தெற்கே, கான்டன் என்ற பெயர் குறிக்கும் குவாங்டோங் மாகாணத்தில், முத்தாறு கடலில் சேரும் கழிமுகச் சமவெளியில் இந்தச் சமையல் இவ்வளவு ஆழமாக வேரூன்றி, ஒரு சமையல்காரரின் திறமைக்கே உரைகல்லாக ஆனது ஏன்? அதற்கான விடையை அடுப்பங்கரையில் தேடினால் கிடைக்காது என்பது என் வாதம். குளம் வெட்டியவர்கள், ஆற்றில் மீன்குஞ்சு பிடித்தவர்கள், மீனை உயிரோடு சந்தைக்குச் சுமந்த படகுக்காரர்கள் ஆகியோரின் தொழிலில்தான் விடை இருக்கிறது. அவர்கள் அவ்வளவு வேலையை முன்கூட்டியே செய்து வைத்ததால்தான் சமையல்காரருக்கு இவ்வளவு குறைந்த வேலை மிஞ்சியது.

சமையலைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். ஏறத்தாழ 600 கிராம் மீன், பழைய சீன நிறையில் ஒரு காட்டி. செதில் சுரண்டி, செவுளும் குடலும் எடுத்து, முதுகெலும்பை ஒட்டி உட்புறம் படிந்திருக்கும் கறுத்த இரத்தத்தை நகத்தால் சுரண்டிக் கழுவுகிறார்கள். நீள்வட்டத் தட்டில் இரண்டு குச்சிகளையோ தடித்த வெங்காயத்தாள் தண்டுகளையோ குறுக்கே போட்டு, மீனை அதன்மேல் கிடத்துகிறார்கள். மீனின் அடிப்பக்கத்துக்கும் ஆவி போகவேண்டும் அல்லவா. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டு உள்ளே போகிறது. எட்டு நிமிடம் போல வெந்ததும் தட்டில் தேங்கிய கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு, மெல்லிய நூலாக நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் மேலே குவித்து, புகை வருமளவு காய்ந்த எண்ணெயை அதன்மேல் சுரீரென்று ஊற்றுகிறார்கள். சோயா சாஸ் மீனின்மேல் விழாமல் தட்டின் ஓரமாக இறங்கும். எலும்பை ஒட்டிய சதையில் இளஞ்சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தால், சதை எலும்பைவிட்டு அப்போதுதான் பிரிந்துவந்தால், பதம் சரி. இன்னும் ஒரு நிமிடம் கூடினால் தப்பு. இந்தக் கண்டிப்புக்கு மசாலாவோடு ஒரு தொடர்பும் இல்லை. வேகுமுன் மீன் எந்த நிலையில் இருந்தது என்பதோடு மட்டுமே தொடர்பு. செத்து ஒரு நாளான மீனுக்கு இந்தப் பதம் பார்த்து ஒரு பயனும் இல்லை. எட்டு நிமிடத்தில் எடுத்தாலும் பத்து நிமிடத்தில் எடுத்தாலும் அது நொய்ந்துதான் இருக்கும்.

ஆவியின் வயது பெரியது, அதை மறுக்க முடியாது. கிழக்குச் சீனாவின் சேஜியாங் மாகாணத்தில், ஹெமுடு என்ற புதிய கற்கால ஊரில், அடியில் துளையிட்ட மண்பானைகள் கிடைத்திருக்கின்றன. அந்த ஊர் ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுப் பழமை உடையது. கீழ்ப்பானையில் தண்ணீர், மேற்பானையில் சாமான், நடுவே துளைகள்: நம் இட்லிக் கொப்பரையின் ஏற்பாடேதான். 1976-இல் ஆன்யாங்கில் தோண்டப்பட்ட ஃபூ ஹாவின் கல்லறையிலிருந்து, ஒரே அடிக்கலத்தின்மேல் மூன்று பாத்திரங்கள் வரிசையாக அமரும் வெண்கல ஆவிக்கலம் ஒன்று வெளிவந்தது. ஃபூ ஹாவ் ஷாங் அரசன் வூ திங்கின் மனைவி, காலம் கி.மு. 1200-ஐ ஒட்டியது. ஆனால் இந்தக் கலங்களில் முதன்மையாக வெந்தது தானியம், வடக்கே தினையும் தெற்கே அரிசியும். பாத்திரம் பழையது என்பதற்காக அதில் பிற்காலத்தில் வைத்த பண்டமும் அவ்வளவு பழையது என்று கொள்வது, தறி பழையது என்பதால் அதில் நேற்று நெய்த சேலையையும் பழையது என்பதற்குச் சமம்.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்றை நானே வைக்கவேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் வட வெய் ஆட்சியின் அதிகாரியாக இருந்த ஜியா ஸிஷியே ‘சிமின் யாவ்ஷூ’ என்ற பெரிய வேளாண் நூலை எழுதினார். உழவு, விதை, கால்நடை, புளிக்கவைத்த பண்டங்கள் என்று வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் சொல்லும் நூல் அது. அதில் அவியல் வகைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கே மீனும் வருகிறது. ஓர் அடிக்கு உட்பட்ட மீனை முழுதாகவே, செதில்கூடச் சுரண்டாமல், வயிற்றுக்குள் உப்பும் புளிக்கவைத்த அவரைப் பருப்பும் பூண்டும் கீரையும் நறுக்கித் திணித்து, காய்கறியோடு சேர்த்து அவிக்கச் சொல்கிறார். எழுதியவர் வடநாட்டுக்காரர். முத்தாற்றுச் சமவெளியில் குளங்கள் வருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய குறிப்பு இது. அப்படியானால் முழு மீனை அவிப்பது தெற்கத்தியரின் சொத்து இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அந்தக் குறிப்பு எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள். கரடி, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி, வாத்து என்று இறைச்சிகளை அவிக்கும் முறைகளின் நடுவே மீனும் ஒன்றாக நிற்கிறது. சுவையைச் சாமான்தான் கொண்டுவருகிறது; ஆவி வெறும் சூடு. மீன் உயிரோடு இருந்ததா என்ற கவலையை அங்கே காணோம். நேரம் தப்பிவிடுமோ என்ற பதைப்பும் இல்லை. செயல்முறை ஒன்றாக இருந்தாலும் அளவுகோல் வேறு. நான் தேடுவது அந்த அளவுகோலின் வரலாற்றை.

அளவுகோல் மாறுவதை யாங்சே ஆற்றங்கரையில் பார்க்க முடிகிறது. நம் வங்காள விரிகுடாவில் பிடிபடும் உல்லத்தின் நெருங்கிய உறவான ஒரு மீன், வசந்தம் முடியும் வேளையில் முட்டையிடக் கடலிலிருந்து யாங்சேயில் ஏறிவந்தது. சோங் காலத்ததாகக் கருதப்படும், வூ குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் பெயரில் வழங்கும் சமையல் குறிப்பில் அதை அவிக்கும் முறை இருக்கிறது. குடலை எடுப்பார்கள், செதிலை எடுக்கமாட்டார்கள். இரத்தத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, மது, வெங்காயத்தாள், வாசனைச் சரக்குகளோடு அவித்து, வெந்த பிறகே செதில் நீக்கிப் பரிமாறுவார்கள். செதிலுக்கு அடியிலிருக்கும் கொழுப்பு சதைக்குள் இறங்கவேண்டும் என்பதே நோக்கம். வலையைவிட்டு எடுத்ததும் சாகும் மீன் அது. மிங் அரசவை பெய்ஜிங்குக்குப் போன பிறகும் அந்த மீன் வேண்டும் என்று கேட்டதால், பனிக்கட்டியில் பொதிந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே சுமந்தார்கள். போய்ச் சேர்ந்தது ஆற்றங்கரையில் தின்ற மீனாக இருந்திருக்க முடியாது. அதிகாரத்தாலும் தூரத்தை வெல்ல முடியாத சமையல் ஒன்று உண்டு என்பதை அந்த வழக்கமே காட்டிக்கொடுக்கிறது.

பிறகு யுவான் மெய் வருகிறார். கவிஞர், நான்ஜிங்கில் அதிகாரியாக இருந்து, இளவயதிலேயே பதவியை விட்டுத் தோட்டமும் எழுத்துமாக வாழ்ந்தவர். 1792-இல் வெளிவந்த அவரது சமையல் நூலில் ஓர் ஆற்று மீனைப் பற்றிய சிறு குறிப்பு, இந்த வரலாற்றிலேயே எனக்கு மிக முக்கியமான சான்று. மீன் உயிரோடு இருக்கவேண்டும் என்று தொடங்குகிறார். மதுவும் சோயா சாஸும் சேர்த்து அவிக்கச் சொல்கிறார். சதை ஜேட் எனும் மணிக்கல்லைப்போல ஒளி ஊடுருவும் நிறத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், மங்கிய வெள்ளையாகிவிட்டால் சதை முற்றிச் சுவை கெட்டது என்கிறார். மூடியில் படிந்த நீர் மீன்மேல் சொட்டாமல் காக்கவும் சொல்கிறார். அந்த நூலின் இன்னொரு இடத்தில் உயிருள்ள சதையையும் செத்த சதையையும் நிறத்தாலேயே பிரித்துக் காட்டி, புதிய மீனைப் பழைய மீன்போல ஆக்கிவிடும் சமையலை மனம் நொந்து கண்டிக்கிறார். இன்றைய ஹாங்காங் சமையல்காரர் எலும்போரத்தில் தேடும் பதம் அப்படியே இங்கே எழுதப்பட்டிருக்கிறது. எனவே, அளவுகோலைக் கண்டுபிடித்ததும் கான்டன் இல்லை. ஆனால் யுவான் மெய்யின் மேசை வசதியும் ஓய்வும் உள்ள ஒருவரின் மேசை. அந்த அளவுகோல் ஒரு சாதாரணக் குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டவேண்டுமானால், ஆண்டு முழுவதும் உயிர்மீன் மலிவாகக் கைக்கு வரவேண்டும். அந்தக் காரியத்தைச் செய்தது முத்தாற்றுச் சமவெளி.

அங்கே நான்ஹாய் வட்டாரத்து ஜியூஜியாங், அதன் அண்டையிலுள்ள சுண்டே ஆகிய ஊர்களில் தாழ்வான, வெள்ளம் தேங்கும் நிலத்தைத் தோண்டிக் குளமாக்கி, தோண்டிய மண்ணால் கரைகளை உயர்த்தினார்கள். மிங் காலத்திலேயே ஜியூஜியாங் மக்களுக்கு மேற்கு ஆற்றில் மீன்குஞ்சு பிடிக்கும் உரிமையை அரசு வரிக்கு எழுதிக்கொடுத்திருந்தது. இது ஏன் பெரிய செய்தி என்றால், குளத்தில் வளர்த்த பெருங்கெண்டை இனங்கள் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளக்காலத்தில் ஆற்றில் மிதந்துவரும் குஞ்சுகளை, ஊசிமுனைபோல இருக்கும்போதே மெல்லிய வலையால் அள்ளிக் கொண்டுவரவேண்டும். அள்ளியதில் எல்லா இனமும் கலந்திருக்கும். ஜியூஜியாங்காரர்கள் அவற்றைப் பிரித்த வித்தை வியப்பானது. கலத்தில் நெருக்கமாக விட்டுவைத்தால், மூச்சு முட்டும்போது இனத்துக்கு ஓர் ஒழுங்கில் மேலே வரும். முதலில் வருவதை ஒரு சிப்பியளவு அகப்பையால் வழித்தெடுத்து, அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். குஞ்சு வணிகம் அவர்களிடமிருந்து தென்சீனம் முழுவதும் பரவியது. ஆற்றை நம்பிய இந்த நிலைமை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் மாறியது: 1957-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி இந்தியக் கெண்டைகளை ஊசிமூலம் முட்டையிடச் செய்தார், அடுத்த ஆண்டே குவாங்டோங்கில் சீனக் கெண்டைகளுக்கும் அது கைகூடியது. 1959-இல் அந்தச் சீன இனங்களில் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் இந்தியாவுக்கு வந்தன. கட்லா, ரோகுவோடு சேர்த்து நம் குளங்களில் இன்றும் வளர்வது அவற்றின் வழித்தோன்றல்களே.

ஒரே குளத்தில் நான்கு இனங்களை வளர்த்தார்கள், நான்குக்கும் தீனி வேறு. புல்கெண்டைக்குக் கரையில் வெட்டிய புல். அதன் எச்சம் நீரை வளமாக்க, அதில் பெருகும் நுண்பாசி வெள்ளிக்கெண்டைக்கு. நுண்விலங்குகள் பெருந்தலைக் கெண்டைக்கு. அடியில் படிவது சேற்றுக்கெண்டைக்கு. கரையில் முதலில் பழமரங்கள் இருந்தன. பட்டுக்கு விலை ஏறியபோது மல்பெரி வந்தது. 1757-இல் சிங் பேரரசு மேற்கத்திய வணிகத்தைக் குவாங்சோ என்ற ஒரே துறைமுகத்தில் நிறுத்தியபின், பட்டு வாங்கும் கப்பல்கள் இந்தச் சமவெளியின் வாசலுக்கே வந்து நின்றன. நெல்வயல்கள் குளமாயின. மல்பெரி இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் எச்சமும் நூல் எடுத்தபின் மிஞ்சிய கூட்டுப்புழுவும் மீனுக்கு, குளத்துச் சேறு மீண்டும் மல்பெரிக்கு. பத்தில் ஆறு பங்கு கரையும் நான்கு பங்கு நீரும் இருக்கவேண்டும் என்று ஒரு கணக்கே வைத்திருந்தார்கள். 1930-களில் உலகப் பட்டுச் சந்தை சரிந்தபோது கரைகளில் கரும்பு ஏறியது. குளம் அப்படியே நின்றது. ஆகவே, லண்டனிலும் லியோனிலும் பட்டு உடுத்தியவர்களின் தேவை, சுண்டே உழவர் வீட்டுத் தட்டில் மீனாக வந்து விழுந்தது. மீன் இங்கே தனிப்பண்டம் அல்ல; பட்டின் உபபொருள். மலிவுக்குக் காரணம் அதுதான்.

மலிவு மட்டும் போதாது, உயிர் வேண்டும். இந்தச் சமவெளி கால்வாய்களால் பின்னப்பட்டது. குளத்திலிருந்து சந்தைவரை நீர்வழி அறுபடுவதில்லை. படகின் நடுவயிற்றில் துளையிட்ட அறை வைத்து, ஆற்றுநீர் உள்ளே புகுந்து வெளியேற, மீனை நீந்தவிட்டே கொண்டுபோனார்கள். ஆழ்கடலில் வலை வீசுகிறவருக்கும் தொலைதூர ஏரிக்காரருக்கும் இந்த வசதி இல்லை. சந்தையில் வாங்குகிறவரும் அதற்கேற்பப் பழகினார். தொட்டியில் வாலடிக்கும் மீனுக்கு ஒரு விலை, பக்கத்துப் பலகையில் கிடக்கும் அதே மீனுக்கு மிகக் குறைந்த விலை. ஹாங்காங்கின் தெருச்சந்தைகளில் பெரிய புல்கெண்டையை நெடுக்குவாட்டில் பிளந்து, துடிக்கும் இதயமும் ஊதிய காற்றுப்பையும் வெளியே தெரியவைத்து விற்பார்கள். பார்க்கக் கடினமான காட்சி. ஆனால் விற்பவர் அதைச் சான்றிதழாகவே வைக்கிறார். சுண்டே வட்டாரம் குளத்துமீனை மெல்லிய சீவல்களாகப் பச்சையாகவும் தின்றது. பழங்காலச் சீனம் முழுவதும் இருந்த அந்தப் பழக்கம் வேறிடங்களில் அருகிய பிறகும் இங்கே ஓயவில்லை. கல்லீரல் புழுநோய் இந்தச் சமவெளியை நெடுங்காலம் வாட்டியதற்கு அது முக்கியக் காரணம். பச்சை மீனை மதிக்கும் நாக்குதான் பச்சைக்கு அடுத்த படியாகிய இந்த அவியலையும் மதிக்கும் என்பது என் கணிப்பு. அதே காரணத்தால், குளத்து மீனை எலும்போரம் சிவக்க எடுப்பதில் இன்றும் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இதற்கெல்லாம் மறுப்பாக, விறகுப் பஞ்சம்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. காடு அழிந்து, குளமும் மல்பெரியுமாக நிறைந்த சமவெளியில் எரிபொருள் அரிது. சோறு வேகும் பானைக்குள் நீர் வற்றும் தருணத்தில் மீன்தட்டை இறக்கிவைத்தால் ஒரே நெருப்பில் சோறும் குழம்பும் முடிந்துவிடும். வீட்டு அவியலுக்கு அது உண்மையான தொடக்கமாகவே இருந்திருக்கும். ஆனால் சோற்றுப்பானையில் வைப்பதில் நேரத்தைச் சோறு தீர்மானிக்கிறது, மீன் அல்ல. அப்படி வெந்தவற்றில் பெரும்பகுதி உப்புக்கண்டம், கருவாடு, கொத்திய பன்றி இறைச்சிமேல் வைத்த உப்புமீன் போன்றவை. கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் அவற்றுக்குக் கேடில்லை. சிக்கனம் ஆவியைத் தேர்ந்ததை விளக்குகிறது. கொதி உச்சத்தில் வைத்து, எட்டாவது நிமிடத்தில் ஓடிவந்து எடுப்பதை அது விளக்காது. அப்படிச் செய்வது விறகைக் கூட்டித்தான் எரிக்கும்.

இஞ்சி பற்றிய மறுப்பு இன்னும் கூர்மையானது. மீன் அவ்வளவு புதிதென்றால் இஞ்சியும் வெங்காயத்தாளும் மதுவும் எதற்கு, அவை நாற்றத்தை மறைக்கத்தானே என்று கேட்கிறார்கள். மீன்வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். கடல்மீனின் சதையில் உப்புநீரைச் சமன்செய்ய ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமின் ஆக மாற்றும்போதுதான் நாம் அறிந்த கவிச்சை எழுகிறது. புளி, எலுமிச்சை போன்ற அமிலம் அதைக் கட்டிப்போடும். எண்ணெயில் முறுகப் பொரித்தால் வேறு மணம் அதை மூடும். ஆவிக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. நூலாக நறுக்கிய பிடியளவு இஞ்சியால் கெட்ட மீனை மறைக்க முடிந்திருந்தால், உயிர்மீனுக்கு யாரும் பல மடங்கு விலை கொடுத்திருக்கமாட்டார்கள். மேலும், மீன் சந்தைக்கு வரும் தூரம் கூடக்கூடத் தட்டில் சேரும் சாமானும் கனமாவதைக் காணலாம். புளிக்கவைத்த கருப்பு அவரை, உப்பிட்ட கீரை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் அந்த வரிசை. கடற்கரை மக்களான தியோச்சூக்கள் ஊறவைத்த பிளம், தக்காளி, உப்புக்கீரை போட்டு வவ்வால் மீனை அவிக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த பண்டம் அது. புளிப்புக்கு அங்கே சுவை தாண்டியும் வேலை உண்டு. கான்டன் சமையலிலேயே பழைய முறை என்று ஹாங்காங் உணவகங்கள் பெயரிட்டு விற்பதில் காளானும் பன்றி இறைச்சி நறுக்கும் சேர்ந்திருக்கும். இஞ்சியும் வெங்காயத்தாளும் மட்டும் மிஞ்சிய தெளிந்த வடிவம், தொட்டிமீன் பெருகிய காலத்தில்தான் முதலிடம் பிடித்தது.

முழுமையாக வைப்பது சடங்குக்காக என்பது மூன்றாவது மறுப்பு. புத்தாண்டு விருந்தில் தலையும் வாலும் சேர்ந்த மீன் வைத்து, மறுநாளைக்கு மிச்சம் வைப்பது சீனாவெங்கும் உள்ள வழக்கம். ஆனால் வடக்கே அதே மீனைப் பொரித்துச் சாஸில் வதக்குகிறார்கள். சடங்கு முழுமையைக் கேட்கிறது, ஆவியைக் கேட்கவில்லை. ஆவிக்கு முழுமை தேவைப்படுவது வேறு காரணத்தால்: தோலும் எலும்பும் சதையின் நீரை வெளியேறவிடாமல் காக்கின்றன, தலையும் கண்ணும் இருந்தால்தான் உண்பவருக்கு மீனின் நிலை தெரிகிறது.

இந்தச் சமையல் தோன்றிய விதத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அதன் பிற்கால விளைவு. 1949-க்குப் பின் குவாங்சோவின் சமையல்காரர்களும் பணக்காரர்களும் ஹாங்காங்குக்கு வந்தார்கள். குளத்துமீன் அங்கும் வந்துகொண்டிருந்தது. 1962 முதல் சீனாவின் உள்நாட்டிலிருந்து உயிர்ப்பண்டங்களைச் சுமந்த சிறப்பு ரயில்களே ஓடின. ஆனால் 1970, 80-களின் செல்வம் ஏறியபோது விருந்து மேசை கெண்டையைவிட்டுப் பவளப்பாறைக் கலவாவுக்குத் தாவியது. அளவுகோல் அப்படியே இருந்தது: உயிரோடு வேண்டும், முழுதாக வேண்டும், தட்டுக்குள் அடங்கவேண்டும். குளத்தில் இது எளிது. தட்டளவு வந்ததும் பிடிப்பதற்கே அங்கே மீனை வளர்க்கிறார்கள். பவளப்பாறையில் நிலைமை தலைகீழ். கலவாக்களில் பெரும்பாலானவை பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பிறகு ஆணாக மாறுபவை. பல இனங்களில் ஒரு காட்டி எடை என்பது இன்னும் முட்டையிடாத வயது. நெப்போலியன் மீன் எனப்படும் பெரிய பாறைமீனில் உயிரோடு விற்றவை பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தவையே. ஹாங்காங்கின் சொந்தக் கடல் வற்றியதும் படகுகள் பிலிப்பைன்சுக்கும் இந்தோனேசியாவுக்கும், பின்னர் மாலத்தீவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போயின. பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கிய மீனைக் கையால் எடுத்தார்கள், பவளம் செத்தது. பலாவ் தீவு 1994-இல் சட்டம் இயற்றி நெப்போலியன் மீன் ஏற்றுமதியைத் தடுத்தது, கலவா முட்டையிடும் மாதங்களில் பிடிப்பதையும் நிறுத்தியது. 2004-இல் அந்த மீன் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது.

மீனைத் தின்பது யாருடைய குற்றம் என்று தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு குளம் உருவாக்கிய சுவையை, குளம் இல்லாத இடத்தில் அதே கண்டிப்போடு கேட்டதன் விளைவு இது. யாங்சேயின் உல்லமும் அணைகளாலும் மிகுபிடியாலும் 1980-களுக்குள் வலையில் விழுவதே அரிதாகிவிட்டது. வளர்ப்பு மீனும் குறையற்றது இல்லை. 2005-இல் சீனாவிலிருந்து ஹாங்காங்குக்கு வந்த நன்னீர் உயிர்மீன்களில் மாலகைட் கிரீன் என்ற தடைசெய்யப்பட்ட சாயமருந்து கண்டறியப்பட்டது. நெருக்கியடித்து வளர்த்து, நெடுந்தூரம் உயிரோடு சுமந்தால் மருந்து நுழையும். ஆனாலும் திருத்தக்கூடிய குறை இது. அழிந்த பவளப்பாறையைத் திருத்த முடியாது. சுண்டேவை 2014-இல் யுனெஸ்கோ தன் உணவுநகரப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊரின் பெருமை இன்றும் குளத்துமீன்தான். அந்தச் சமையலின் உண்மையான மரபு எது என்று கேட்டால், கலவா தொட்டியைவிடப் புல்கெண்டைக் குளத்தையே காட்டுவேன்.

தமிழ்நாட்டில் வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் பொதுவாக முதலில் தேடுவது சாஸ் புட்டியை. முதலில் தேடவேண்டியது மீனை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கச் செய்தது. அதன்பின் கொடுவாவைத் தட்டளவுக்கு வளர்த்து விற்கும் பண்ணைகள் நம் கரையோரத்திலும் உள்ளன. முள் குறைந்த, வெண்சதை மீன். ஆவிக்கு மிகப் பொருத்தம். அரைக்கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்குள், கண் உப்பித் தெளிந்து, செவுள் இரத்தச் சிவப்பாக, விரலால் அழுத்திய குழி உடனே மேலெழுவதாகப் பார்த்து, அறுத்த அன்றே வாங்குங்கள். ஆபத்தைத் தவிர்க்க, முள்ளோரச் சதையும் வெள்ளையாகும்வரை அவியுங்கள். சின்னக் கலவாவைக் கேட்டு வாங்காதீர்கள். பண்ணை மீனும் புதிதாகக் கிடைக்காத நாளில் ஆவிப்பாத்திரத்தை எடுக்கவேண்டாம். கிடைத்த மீனைப் புளி கரைத்துக் குழம்பு வையுங்கள்.